பள்ளிக்கூடமும் எதிர்ச்சுவரும்

நம் கல்லூரி பெஞ்சில் காம்பஸ் முனையால் பெயர் செதுக்காதவர்கள், இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் பழைய மாணவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம்! விடுதிச் சுவரில் கரிக்கட்டியால் கவிதை எழுதியவர்களும், தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஏறித் தங்கள் செட்டின் ஆண்டைப் பெயின்ட் அடித்தவர்களும் இன்று பெரிய பதவிகளில் இருந்து ஓய்வும் பெற்றுவிட்டார்கள். அவர்களைக் காட்டிக்கொடுப்பது என் நோக்கமல்ல. 'நான் இங்கே இருந்தேன்' என்று சுவரில் எழுதிவைக்கிற அந்தச் சின்ன ஆசை, ஒரு நகரத்தில் ஓவியக் கலையாக வளர்ந்து, கலைக்கூடத்துக்குள் நுழைந்து, கடைசியில் நீதிமன்றப் படியும் ஏறியது. வரலாறு படித்தவன் என்ற உரிமையில் அதை இங்கே சொல்ல முற்படுகிறேன்.

நகரம் நியூயார்க். அந்நகரின் குவீன்ஸ் பகுதியில் லாங் ஐலண்ட் சிட்டி என்றொரு பேட்டை. அதில் ஜாக்சன் அவென்யூ என்றொரு சாலை. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் ஒரு பழைய தொழிற்சாலை. பள்ளிக்கூடம் கலைக்கூடம் ஆயிற்று. தொழிற்சாலையின் சுவர் தெருக்கலையின் கோட்டை ஆயிற்று. நடுவில் இருப்பது ஒரு சாலையைக் கடக்கும் தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க முப்பது ஆண்டுகள் போதவில்லை என்பது என் கட்சி.

சாலைக்கு வருமுன் ரயிலில் இருந்து தொடங்க வேண்டும். 1971 ஜூலை 21 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் ஒரு செய்தி வந்தது. 183-வது தெருவில் குடியிருந்த ஒரு கிரேக்க வம்சாவளிப் பையனைப் பற்றியது. டெமிட்ரியஸ் என்ற பெயரின் செல்லச் சுருக்கம் டாக்கி. கடிதம், பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. போகிற இடமெல்லாம், ஏறுகிற ரயிலெல்லாம் மார்க்கர் பேனாவை எடுத்து 'டாக்கி 183' என்று எழுதிவிட்டு இறங்குவான். யார் இந்த டாக்கி என்று ஊரே கேட்டது. பத்திரிகை தேடிப்போய்ப் பேட்டி கண்டது. பேப்பரில் பெயர் வந்துவிட்டதா? அப்புறம் கேட்க வேண்டுமா! நகரத்துப் பசங்கள் ஆளுக்கொரு பேனாவோடு கிளம்பிவிட்டார்கள். (இதற்கு முன்பே ஃபிலடெல்ஃபியா நகரில் 'கார்ன்பிரெட்' என்ற புனைபெயரில் ஒருவர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.)

பேனா போய் ஸ்ப்ரே பெயின்ட் டப்பா வந்தது. கையெழுத்து பெரிதாகியது. எழுத்துக்கு நிழல் வந்தது, முப்பரிமாணம் வந்தது, ஓர் எழுத்து இன்னோர் எழுத்தோடு பின்னிக்கொண்டது. கடைசியில் ஒரு ரயில் பெட்டி முழுவதும் ஒரே ஓவியம் என்றாகிவிட்டது. 1976-இல் லீ கினோனெஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் பத்துப் பெட்டிகள் கொண்ட ஒரு முழு ரயிலையே வரைந்து முடித்தார்கள். இரவில் யார்டுக்குள் வேலி தாண்டிப் போய், மின்சாரம் ஓடும் மூன்றாவது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று செய்கிற வேலை இது. ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இவர்கள் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 'ரைட்டர்' என்றார்கள். அதாவது எழுத்தாளர்!

ஊர்க்காரர்கள் எல்லோரும் இதைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நகராட்சி 1975-இல் திவாலாகும் நிலைக்குப் போன காலம் அது. ஓடாத விசிறி, உடைந்த கதவு, ஜன்னல் தெரியாமல் பெயின்ட். இந்த ரயிலில் இரவில் தனியாகப் பயணம் செய்யும் ஒரு பெண்ணுக்கு அந்த எழுத்துகள் கலையாகத் தெரிந்திருக்குமா, இங்கே கேட்பார் இல்லை என்ற அறிவிப்பாகத் தெரிந்திருக்குமா? மேயர் லிண்ட்ஸே 1972-லேயே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டார். 'விளம்பரம் செய்யாதே' என்று எழுதிய சுவரில்தான் முதல் போஸ்டர் விழும் என்பது நமக்குத் தெரிந்த நியதி. அங்கும் அப்படித்தான் ஆயிற்று.

இந்த இடத்தில் ஒரு கல்லூரி மாணவர் வருகிறார். இன்றைய மாணவச் செல்வங்கள் கவனிக்க! நியூயார்க் சிட்டி காலேஜில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்த ஹியூகோ மார்ட்டினெஸ், ரயிலில் எழுதும் பையன்களைத் தேடிப் பிடித்து 1972-இல் 'யுனைடெட் கிராஃபிட்டி ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்றொரு சங்கம் அமைத்தார். ரயிலை விட்டுவிட்டு இங்கே வரையுங்கள் என்று கான்வாஸ் துணியைக் கையில் கொடுத்தார். 1973-இல் ட்வைலா தார்ப் அமைத்த 'டியூஸ் கூப்' என்ற நடன நாடகத்தில், மேடையில் ஒரு பக்கம் பாலே நடந்துகொண்டிருக்க, பின்னால் இந்தப் பையன்கள் பெரிய காகிதத்தில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டே இருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சோஹோ பகுதியின் ரேஸர் கேலரியில் அவர்களுடைய கூட்டுக் கண்காட்சி நடந்தது. சுவர் எழுத்தாளர்கள் ஒரு குழுவாகக் கலைக்கூடத்துக்குள் நுழைந்த முதல் நிகழ்ச்சிகளில் இது முக்கியமானது. ஒரு பட்டப்படிப்பு மாணவர் முயற்சி இது என்பதை நம் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். பெயர் பப்ளிக் ஸ்கூல் நம்பர் ஒன், சுருக்கமாக பி.எஸ்.1. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் கட்டிய செங்கல் கட்டடம். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததால் 1963-இல் மூடப்பட்டு, சாமான் போட்டுவைக்கும் கிடங்காகக் கிடந்தது. அலன்னா ஹைஸ் என்ற அம்மையார் அதைக் கேட்டு வாங்கி 1976-இல் கலைக்கூடமாகத் திறந்தார். திறப்பு விழாக் கண்காட்சியின் பெயரே 'ரூம்ஸ்'. எழுபதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள். பெயர்ந்து விழும் சுண்ணாம்பையோ ஒழுகும் கூரையையோ யாரும் சரிசெய்யவில்லை. அந்த வகுப்பறைகளையும் மாடிப்படிகளையும் கழிப்பறையையும்கூட அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். கார்டன் மட்டா-கிளார்க் மாடிக்கு மாடி தரையை வெட்டித் திறந்தார். ஆலன் சேரட் ஒரு செங்கல் சுவரில் ஓட்டை போட்டார். நம் ஹெட்மாஸ்டர் காலத்தில் இப்படி யாராவது செய்திருந்தால் டி.சி. கிடைத்திருக்கும்!

1980 ஜூனில் 'டைம்ஸ் ஸ்கொயர் ஷோ' என்று ஒரு கண்காட்சி நடந்தது. 'கோலாப்' என்ற கலைஞர் குழு, மூடிக் கிடந்த ஒரு மசாஜ் பார்லர் கட்டடத்தைப் பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் படைப்புகளை வைத்தது. எது படைப்பு, எது குப்பை என்று தெரியாத அளவுக்கு நெரிசல். தெற்கு பிராங்க்ஸில் 'ஃபேஷன் மோடா' என்ற கூடத்தில் அதே ஆண்டு இன்னொரு கண்காட்சி. அதைத் தொகுத்தவர் 'கிராஷ்' என்ற பெயரில் ரயிலில் வரைந்துகொண்டிருந்த பத்தொன்பது வயது இளைஞர். இவற்றுக்கெல்லாம் பிறகு, 1981 பிப்ரவரியில், பி.எஸ்.1 கூடத்தில் 'நியூயார்க் / நியூ வேவ்' நடந்தது. தொகுத்தவர் டியேகோ கோர்ட்டெஸ். ராக் இசைக்காரர்கள், புகைப்படக்காரர்கள், ஆண்டி வார்ஹோல் போன்ற பிரபலங்கள், ரயில் எழுத்தாளர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பழைய வகுப்பறைகளில் கலந்து மாட்டிவிட்டார். இதில் பெரியவர் சின்னவர் பேதம் இல்லை. கூட்டுக் கண்காட்சியின் அழகே அதுதான்.

அங்கே ஒரு சுவர் இருபது வயதுப் பையன் ஒருவனுக்கு ஒதுக்கப்பட்டது. ஜான் மிஷேல் பாஸ்கியா. ஹெய்ட்டி நாட்டுத் தந்தைக்கும் புவர்ட்டோ ரிக்கோ வம்சாவளித் தாய்க்கும் புரூக்ளினில் பிறந்தவர். 1978 முதல் அல் டியாஸ் என்ற பள்ளித் தோழரோடு சேர்ந்து 'சேமோ' என்ற பெயரில் கீழ் மன்ஹாட்டன் சுவர்களில் குத்தலான வாசகங்களை எழுதிக்கொண்டிருந்தவர். பி.எஸ்.1-இல் அவர் படங்களைப் பார்த்த இத்தாலிய வியாபாரி எமிலியோ மட்சோலி, அதே ஆண்டு மே மாதத்தில் மோடெனா நகரில் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தார். சுவிட்சர்லாந்துக்காரர் வந்தார், நியூயார்க்காரர் வந்தார். 1988-இல், இருபத்தேழாம் வயதில் பாஸ்கியா இறந்தார். 1982-இல் அவர் வரைந்த ஒரு படம் 2017-இல் 11 கோடியே 5 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

ஒரு கூட்டுக் கண்காட்சி ஒருவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. ஆனால் அதே கண்காட்சியில் பங்கு பெற்ற மற்ற ரயில் எழுத்தாளர்கள் எல்லோருக்கும் இப்படி நடந்ததா என்றால், அதுதான் இல்லை.

அடுத்த நான்கு ஆண்டுகள் நல்ல அறுவடை. 1981-இல் பாட்டி ஆஸ்டர், பில் ஸ்டெல்லிங் இருவரும் ஈஸ்ட் வில்லேஜில் சின்னதாக ஒரு கேலரி திறந்தார்கள். கண்காட்சி வைக்கும் கலைஞரே கேலரிக்குப் பெயர் சூட்டலாம் என்று ஏற்பாடு. கென்னி ஷார்ஃப் 'ஃபன்' என்று வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. ஃபியூச்சுரா 2000, டோண்டி, லேடி பிங்க் போன்றவர்கள் கான்வாஸில் ஸ்ப்ரே அடித்தார்கள். லேடி பிங்க், ஈக்வடார் நாட்டில் பிறந்த பெண். ஆண் பிள்ளைகள் மட்டுமே போகிற யார்டுக்குள் பதினைந்து வயதிலேயே இறங்கியவர். 1983-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பாய்மன்ஸ் அருங்காட்சியகமே இவர்களுக்கு இடம் கொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில், மாண்ட்ரியன், பொல்லாக் படங்களை விற்ற புகழ்பெற்ற சிட்னி ஜானிஸ் கேலரி 'போஸ்ட்-கிராஃபிட்டி' என்ற கண்காட்சியை நடத்தியது. தலைப்பைப் பாருங்கள். 'கிராஃபிட்டிக்குப் பின்' என்று பொருள். ரயில்களில் இன்னும் பசங்கள் எழுதிக்கொண்டிருந்தபோதே, கேலரி அதை முடிந்துபோன கதையாக அறிவித்துவிட்டது! படத்தை வாங்குகிற கனவான்களுக்குத் தெரு வேண்டியிருந்தது, ஆனால் தெரு ரொம்பவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அந்தக் கண்காட்சி திறப்பதற்கு மூன்று மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. 1983 செப்டம்பர் 15 அதிகாலையில், ஃபர்ஸ்ட் அவென்யூ சுரங்க ரயில் நிலையத்தில் மைக்கேல் ஸ்டுவர்ட் என்ற இருபத்தைந்து வயதுக் கறுப்பின இளைஞர் கைதானார். சுவரில் எழுதினார் என்பது குற்றச்சாட்டு. போலீஸ் காவலில் நினைவிழந்தவர் கண் விழிக்கவே இல்லை. பதின்மூன்று நாள் கழித்து மருத்துவமனையில் இறந்துபோனார். ரயில் போலீசார் ஆறு பேர்மீது வழக்கு நடந்து, 1985-இல் அனைவரும் விடுதலை ஆனார்கள்.

இந்தச் செய்தி பாஸ்கியாவை உலுக்கிவிட்டது. அது தானாகவும் இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தெரியும். நண்பர் கீத் ஹேரிங்கின் ஓவியக்கூடத்துச் சுவரில், இரண்டு போலீஸ்காரர்கள் நடுவில் ஒரு கறுப்பு உருவத்தை அடிப்பதாக வரைந்தார். யார் பார்ப்பதற்காகவும் அல்ல. விற்பதற்காகவும் அல்ல. ஹேரிங்கும் ரயில் நிலையத்தில் இருந்து வந்தவர்தான். விளம்பரம் இல்லாத இடங்களில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தாளில் வெள்ளைச் சாக்பீஸால் ஆயிரக்கணக்கில் கோட்டோவியம் போட்டவர். ஜனங்கள் அவற்றைக் கிழித்துக்கொண்டுபோய் விற்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். அவர் அந்த ஓவியக்கூடத்தைக் காலி செய்தபோது, பாஸ்கியா வரைந்த சுவர்ப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, வேலைப்பாடான சட்டம் போட்டுத் தன் கட்டிலுக்கு மேல் மாட்டிக்கொண்டார். 1990-இல் ஹேரிங்கும் எய்ட்ஸ் நோயால் இறந்தார். 2019-இல் கூகன்ஹைம் அருங்காட்சியகம் அந்தச் சுவர்த்துண்டை மையமாக வைத்து ஒரு கண்காட்சியே நடத்தியது. சுவரில் எழுதியதற்காக ஒருவன் உயிர் போயிற்று. அவனைப் பற்றிச் சுவரில் வரைந்தது முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் தெருக்கலையின் வரலாற்றை எழுத முடியாது என்று நான் நினைக்கிறேன்.

1985-இல் ஃபன் கேலரி மூடப்பட்டது. வாங்குகிறவர்களின் மோகம் வேறு பக்கம் போய்விட்டது. ரயில் நிர்வாகம் யார்டுகளுக்கு முள்வேலியும் நாயும் போட்டு, எழுதின பெட்டியைக் கழுவாமல் ஓட்டுவதில்லை என்று உறுதியாக நின்று, 1989 மே மாதத்தில் கடைசிப் பெட்டியையும் சுத்தமாக்கிவிட்டது. கேலரியும் இல்லை, ரயிலும் இல்லை. புதிதாக எழுத வருகிற பையன் எங்கே போவான்?

ஜாக்சன் அவென்யூவின் எதிர்ப்பக்கம் போனான். பி.எஸ்.1 வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற அந்தப் பழைய தண்ணீர் மீட்டர் தொழிற்சாலை, ஜெர்ரி வோல்காஃப் என்ற கட்டட அதிபருக்குச் சொந்தம். உள்ளே அறைகளைக் கலைஞர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டிருந்தார். 1990-களின் தொடக்கத்தில் வெளிச்சுவரில் வரைந்துகொள்ளவும் சம்மதித்தார். 2002 முதல் இதை நடத்தியவர் ஜோனத்தன் கோஹென். 'மீரெஸ் ஒன்' என்பது அவர் எழுதும் பெயர். நகரத்தின் ஐந்து பகுதிகளும் சந்திக்கும் இடம் என்ற பொருளில் 'ஃபைவ் பாயின்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்.

இந்த இடத்தை ஒழுங்கில்லாத கிறுக்கல் சுவர் என்று எண்ணிவிடக் கூடாது. வரைய விரும்புகிறவர் மீரெஸிடம் பழைய வேலைகளைக் காட்ட வேண்டும். அவர் பார்த்து இடம் கொடுப்பார். புதியவர்களுக்குச் சில நாளிலேயே அழிந்து வேறு படம் வருகிற சுவர். கை தேர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும் சுவர். அரசியல், மதம், ஆபாசம் மூன்றும் கூடாது என்பது சொந்தக்காரர் போட்ட நிபந்தனை. (அரசியல் கூடாது என்றால் அது தெருக்கலையா என்று ஒரு கேள்வி எனக்குண்டு. மைக்கேல் ஸ்டுவர்ட்டுக்கு அந்தச் சுவரில் இடம் கிடைத்திருக்குமா?) எப்படியோ, பத்தாண்டுகளுக்கு மேல் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து வரைந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் பஸ் வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். மேம்பாலத்தில் வளைந்து போகும் ஏழாம் நம்பர் ரயிலில் இருந்து பார்த்தால் கட்டடம் முழுவதும் கண்காட்சி. டிக்கெட் கிடையாது, திறக்கும் நேரம் மூடும் நேரம் கிடையாது.

பேட்டையில் நில மதிப்பு ஏறிவிட்டது. கலைக்கூடமும் சுவரும் இருந்ததால்தான் ஏறியது என்று சொல்வாரும் உண்டு. இடித்துவிட்டு இரண்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் கட்ட வோல்காஃபுக்கு 2013-இல் நகராட்சி அனுமதி கிடைத்தது. ஓவியர்கள் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை கேட்டார்கள். நீதிபதி ஃபிரடெரிக் பிளாக் தடை தர மறுத்தார். காரணங்களை விளக்கும் எழுத்துபூர்வமான உத்தரவு பின்னால் வரும் என்றார். அந்த உத்தரவு வருவதற்குள், நவம்பர் 19-ஆம் தேதி விடியுமுன், போலீஸ் பாதுகாப்போடு ஆட்கள் வந்து சுவர் முழுவதும் வெள்ளையடித்துவிட்டார்கள். காலையில் வந்த ஓவியர்கள் சாலையில் நின்று அழுதார்கள். அடித்த வெள்ளையும் சரியில்லை, அவசரப் பூச்சு. அடியில் இருந்த வண்ணம் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. அந்தக் கோலத்திலேயே மாதக்கணக்கில் நின்று, கட்டடம் 2014-இல் இடிபட்டது.

ஓவியர்கள் விடவில்லை. 1990-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று, 'அங்கீகரிக்கப்பட்ட தகுதி' உள்ள ஓவியத்தை, அது யார் கட்டடத்தில் இருந்தாலும், வேண்டுமென்றே அழிப்பது குற்றம் என்கிறது. எடுக்கக்கூடிய ஓவியமானால் தொண்ணூறு நாள் நோட்டீஸ் கொடுத்து, எடுத்துக்கொள்ள வாய்ப்பும் தர வேண்டும். 2018 பிப்ரவரியில் அதே நீதிபதி பிளாக் தீர்ப்பு சொன்னார். நாற்பத்தைந்து ஓவியங்களுக்குத் தலா 1,50,000 டாலர் வீதம், இருபத்தொரு ஓவியர்களுக்கு மொத்தம் 67,50,000 டாலர். இடிக்கப் போவது ஓவியர்களுக்கு முன்பே தெரியும், இது நிரந்தரமில்லாத கலை என்ற வாதம் எடுபடவில்லை. தற்காலிகமானது என்பதால் மதிப்பில்லாததாகிவிடாது என்றார் நீதிபதி. முறையாகக் காத்திருந்து இடித்திருந்தால் இந்தத் தண்டனை வந்திருக்காது என்றும் சொன்னார். மேல் நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

தகுதியை எப்படி நிரூபித்தார்கள் என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு ஓவியரும் ஒரு கோப்பு கொண்டுவந்தார். எந்தக் கேலரியில் காட்டினேன், எந்தப் புத்தகத்தில் வந்தது, யார் பாராட்டினார்கள் என்றெல்லாம். கலை நிபுணர்கள் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். தெருச்சுவருக்கு மதிப்பு உண்டு என்று நிரூபிக்க, சாலைக்கு இந்தப் பக்கத்துச் சான்றிதழ் தேவைப்பட்டது! ஆனால் நீதிபதி இன்னொன்றையும் கணக்கில் எடுத்தார். மீரெஸ் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சுவர் கொடுத்ததே தகுதிக்கு ஓர் அத்தாட்சி என்றார். அதாவது அந்தச் சுவரும் ஒரு கூட்டுக் கண்காட்சிதான், அதற்கும் ஒரு தொகுப்பாளர் இருந்தார் என்று சட்டத்தின் வாயிலிருந்தே வந்துவிட்டது. சுவர் போன பிறகு வந்தது.

நம் நாட்டில் இப்படி உண்டா என்று சட்டம் படித்த நண்பர்கள் கேட்பார்கள். உண்டு. புதுடெல்லி விஞ்ஞான் பவனுக்காக அமர்நாத் சேகல் செய்த மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவை வைத்து அவர் வழக்காடினார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிஞ்சிய பகுதிகளை அவரிடமே திருப்பித் தரவும், ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் தீர்ப்பளித்தது. இருபத்தாறு வருஷம்! நியூயார்க் ஓவியர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஜாக்சன் அவென்யூவில் இப்போது தொழிற்சாலை இருந்த இடத்தில் இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன. எதிரே பள்ளிக்கூடம் அப்படியே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அது நவீனக் கலை அருங்காட்சியகத்தோடு இணைந்து, 2010-இல் மோமா பி.எஸ்.1 என்ற பெயர் பெற்றது. 1976-இல் ஆலன் சேரட் செங்கல் சுவரில் போட்டாரே ஓர் ஓட்டை, அதை அடைக்கவில்லை. கலைப்படைப்பு என்று பெயர் எழுதி, அன்று முதல் பத்திரமாகப் பாதுகாத்து வருகிறார்கள். வெயில் நேரத்தில் போனால் அதன் வழியாக உள்ளே வெளிச்சம் விழும்.